கண்காணிப்புப் பதிவியைத் திரையுடன் இணைத்தல்

கண்காணிப்புப் பதிவியைத் திரையுடன் இணைத்தல் என்பது, கண்காணிப்புக் கேமராக்களின் நிகழ்படங்களைச் சேமிக்கும் கருவியின் வெளியீட்டைக் கணினித் திரையிலோ தொலைக்காட்சியிலோ தோன்றச் செய்வதைக் குறிக்கும். இதற்கு ஏற்ற வடம், இணைப்பி, படத்தின் அளவு குறித்த அமைப்பு ஆகிய மூன்றும் தேவைப்படுகின்றன. இக்கருவி வழக்கில் டி.வி.ஆர் என்று அழைக்கப்படுகிறது. வலையமைப்பு வழியாக இயங்கும் கேமராக்களுக்கு உரியது என்.வி.ஆர் எனப்படும். கேமராக்களை இணைக்கும் முறையில் இவ்விரண்டும் வேறுபட்டாலும், திரைக்கான வெளியீடுகள் பெரும்பாலும் ஒரே வகையைச் சேர்ந்தவை.

திரை இணைக்கப்படாவிடினும் பதிவி தொடர்ந்து பதிவு செய்யும். எனினும் கேமரா ஒன்று பழுதடைந்திருப்பதையும், வன்தட்டு செயலிழந்திருப்பதையும், கடிகாரம் தவறாக ஓடுவதையும் பயனர் பொதுவாகத் திரை வழியாகவே அறிகிறார். மேலும், வன்தட்டு நிறைந்தவுடன் மிகப் பழைய பதிவுகளின் மேல் புதியவை எழுதப்படுவது பெரும்பாலான பதிவிகளின் இயல்பாகும். எனவே ஒரு நிகழ்வுக்குப் பின் திரையில் படம் வராமல் சில நாட்கள் கழிந்தால், தேவைப்படும் பதிவே அழிந்துவிட வாய்ப்புண்டு.

வரலாறு

மூடிய சுற்றுத் தொலைக்காட்சியின் தொடக்ககாலப் பயன்பாடுகளுள் ஒன்று ஜெர்மனியின் பீனமுண்டேயில் 1942 இல் நிகழ்ந்தது. அங்கு வி-2 ஏவூர்திகள் ஏவப்படுவதைப் பாதுகாப்பான தொலைவிலிருந்து காண்பதற்காகக் கேமராவும் திரையும் வடத்தால் இணைக்கப்பட்டன. இவ்வமைப்பில் பதிவு செய்யும் வசதி இல்லை. கேமரா காண்பதை அந்நேரமே ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் மட்டுமே அது பயன்பட்டது.

பின்னர் காந்த நாடாப் பதிவிகள் வந்தபோது, கேமராவின் குறிகை பதிவிக்குச் சென்று அங்கிருந்து திரைக்குச் செல்லும் முறை உருவானது. கேமரா, நாடா, திரை ஆகிய அனைத்தும் ஒரே வகைக் குறிகையைப் பயன்படுத்தியதால் இணைப்பதில் சிக்கல் குறைவாக இருந்தது. வன்தட்டில் பதியும் எண்ணிமப் பதிவிகள் பரவிய பின் இந்நிலை மாறியது. எண்ணிமப் பதிவி ஓர் எளிய கணினியைப் போன்றது. கேமராவிலிருந்து வரும் குறிகை ஒரு வகையாகவும், திரைக்குச் செல்லும் குறிகை வேறொரு வகையாகவும் இருக்கலாம். இணைப்பின்போது எழும் குழப்பங்களுள் பல இவ்வேறுபாட்டிலிருந்தே தோன்றுகின்றன.

வெளியீட்டு வகைகள்

கூட்டு நிகழ்படம்

ஒளிர்வு, நிறம், ஒத்தியக்கத் துடிப்பு ஆகிய மூன்றையும் ஒரே கம்பியில் சுமக்கும் அனலாக் குறிகை கூட்டு நிகழ்படம் எனப்படும். இதன் மின்னழுத்த அளவு உச்சிக்கு உச்சி 1 வோல்ட்டு. வடத்தின் மின்மறிப்பு 75 ஓம். தொலைக்காட்சிகளில் இது மஞ்சள் நிறத் துளையாகக் காணப்படும். பதிவிகளில் இதற்குப் பெரும்பாலும் பி.என்.சி எனும் திருகிப் பூட்டும் உலோக இணைப்பி பயன்படுகிறது. இப்பெயரில் உள்ள மூன்று எழுத்துகளும் பயோனெட் எனும் பூட்டும் முறையையும், அதை வடிவமைத்த பால் நீல், கார்ல் கான்செல்மன் ஆகியோரின் பெயர்களையும் குறிக்கின்றன. பி.என்.சியை மஞ்சள் துளையில் பொருத்தச் சிறிய இணைப்பு மாற்றி போதுமானது. குறிகையில் மாற்றம் தேவையில்லை.

இக்குறிகை பால் அல்லது என்.டி.எஸ்.சி முறையில் அமையும். பால் முறையில் 625 வரிகளும் நொடிக்கு 25 படங்களும் உள்ளன. என்.டி.எஸ்.சி முறையில் 525 வரிகளும் நொடிக்கு ஏறத்தாழ 30 படங்களும் உள்ளன. இந்தியாவிலும் இலங்கையிலும் பால் முறையே வழங்கியது. பதிவி ஒரு முறையிலும் தொலைக்காட்சி மறுமுறையிலும் அமைந்தால், படம் நிறமின்றியோ செங்குத்தாக உருண்டோ தோன்றும்.

வி.ஜி.ஏ

ஐ.பி.எம் நிறுவனம் 1987 இல் தனது பி.எஸ்/2 கணினிகளுடன் அறிமுகப்படுத்திய அனலாக் முறை இதுவாகும். மூன்று வரிசைகளில் 15 ஊசிகளைக் கொண்ட இணைப்பியில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவை தனித்தனிக் கம்பிகளில் செல்கின்றன. ஆதலால் கூட்டு நிகழ்படத்தை விடத் தெளிவான படம் கிடைக்கும். இது ஒலியைக் கடத்தாது. கேமராவின் ஒலிவாங்கியில் பதிவானதைக் கேட்கப் பதிவியின் ஒலி வெளியீட்டிலிருந்து தனி வடம் தேவை.

எச்.டி.எம்.ஐ

ஏழு நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய இவ்வெண்ணிம இடைமுகத்தின் முதற் பதிப்பு 2002 திசம்பரில் வெளியானது. வழக்கமான அளவுள்ள இணைப்பியில் 19 ஊசிகள் உள்ளன. படமும் ஒலியும் ஒரே வடத்தில் செல்கின்றன. 2009 இல் வந்த 1.4 பதிப்பு 3840×2160 படப்புள்ளிகள் கொண்ட படத்தை நொடிக்கு 30 முறையும், 2013 இல் வந்த 2.0 பதிப்பு அதையே நொடிக்கு 60 முறையும் அனுப்ப வல்லவை. புதிய பதிவியையும் புதிய தொலைக்காட்சியையும் இணைப்பதற்கு இதுவே எளிய வழியாகும்.

தனிக் கேமரா வெளியீடு

சில பதிவிகளில் ஸ்பாட் எனக் குறிக்கப்பட்ட கூடுதல் வெளியீடு உண்டு. இதில் பட்டியல்கள் தோன்றா. தெரிவு செய்யப்பட்ட ஒரு கேமராவின் படமோ, அடுத்தடுத்து மாறும் கேமராக்களின் படங்களோ மட்டும் தோன்றும். தவறுதலாக இவ்வெளியீட்டில் திரையை இணைத்தவர்கள், படம் தெரிந்தும் அமைப்புப் பட்டியல் தோன்றாததைப் பதிவியின் பழுதாகக் கருதுவதுண்டு.

இணைப்பியும் குறிகையும்

இணைப்பியின் வடிவம் ஒன்றாக இருப்பதால் அதனுள் செல்லும் குறிகையும் ஒன்றாக இருக்கும் என்று கொள்ள இயலாது. பதிவியின் பின்புறத்தில் உள்ள பி.என்.சி துளைகளில் பெரும்பாலானவை கேமராவிலிருந்து குறிகையைப் பெறும் உள்ளீடுகள் ஆகும். அவற்றில் தொலைக்காட்சியை இணைத்தால் படம் வராது. வெளியீட்டுத் துளை இருப்பின் அது தனியே பெயரிடப்பட்டிருக்கும்.

இதைப் போன்றே, எச்.டி-டி.வி.ஐ, எச்.டி-சி.வி.ஐ, ஏ.எச்.டி ஆகிய உயர்தெளிவு அனலாக் முறைகளும் பழைய ஓரச்சு வடத்தையும் பி.என்.சி இணைப்பியையுமே பயன்படுத்துகின்றன. ஆனால் அவற்றின் குறிகை கூட்டு நிகழ்படம் அன்று. இத்தகைய கேமராவைத் தொலைக்காட்சியின் மஞ்சள் துளையில் நேரடியாக இணைத்தால் தொலைக்காட்சியால் அதைப் படிக்க இயலாது. கேமராவில் கூட்டு நிகழ்படத்துக்கு மாறும் வசதி இருந்தால் மட்டுமே படம் தோன்றும். அல்லது பதிவி இடையில் நின்று குறிகையை எச்.டி.எம்.ஐ ஆகவோ வி.ஜி.ஏ ஆகவோ மாற்றித் தரவேண்டும்.

பொருத்தும் வழிகள்

பதிவியிலும் திரையிலும் ஒரே வகை இணைப்பி இல்லாதபோது பின்வரும் வழிகள் கையாளப்படுகின்றன.

- பதிவியில் எச்.டி.எம்.ஐ, திரையில் டி.வி.ஐ: இரண்டும் எண்ணிமக் குறிகைகள் ஆதலால் மின்சுற்று இல்லாத எளிய வடமே போதும். பொதுவாக ஒலி கிடைக்காது.
- பதிவியில் எச்.டி.எம்.ஐ, திரையில் வி.ஜி.ஏ: எண்ணிமத்தை அனலாக் ஆக மாற்றும் மின்சுற்று கொண்ட மாற்றி தேவை. ஊசிகளை மட்டும் இணைக்கும் வெறும் வடம் பயன்படாது.
- பதிவியில் வி.ஜி.ஏ, திரையில் எச்.டி.எம்.ஐ: இதற்கும் மாற்றி தேவை, பொதுவாக அதற்குத் தனி மின்வழங்கல் வேண்டும். மேலே கூறிய மாற்றியைத் திருப்பிப் பயன்படுத்த இயலாது.
- பதிவியில் எச்.டி.எம்.ஐ அல்லது வி.ஜி.ஏ, திரையில் மஞ்சள் துளை: படத்தைத் தொலைக்காட்சி வரிகளாகக் குறைக்கும் மாற்றி தேவை. பட்டியலில் உள்ள சிறிய எழுத்துகள் மங்கலாகும்.
- பதிவியில் கூட்டு நிகழ்படம், திரையில் எச்.டி.எம்.ஐ: மாற்றியால் படம் பெரிதாகத் தோன்றுமேயன்றி, முன்பு இல்லாத நுணுக்கம் எதுவும் கூடாது.
- தொலைக்காட்சியில் அலைவாங்கித் துளை மட்டும் இருத்தல்: கூட்டு நிகழ்படத்தை ஒரு தொலைக்காட்சி அலைவரிசையாக மாற்றும் பண்பேற்றி தேவை.

மாற்றிகள் பெரும்பாலும் ஒரு திசையில் மட்டுமே இயங்குபவை. ஆகையால் அவற்றை வாங்கும்போது எது உள்ளீடு, எது வெளியீடு என்பது கவனிக்கப்பட வேண்டியதாகும்.

இணைக்கும் ஒழுங்கு

முதலில் பதிவி அதன் பட்டியல் வழியாக முறையாக நிறுத்தப்படுகிறது. இயங்கும் நிலையில் மின்சாரத்தைத் திடீரெனத் துண்டித்தால் வன்தட்டில் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் கோப்புகள் பழுதாகலாம். பின்னர் வடம் பொருத்தப்பட்டு, திரை முதலிலும் பதிவி அடுத்தும் இயக்கப்படுகின்றன. பதிவிகளுள் சில, இயங்கத் தொடங்கும் நேரத்தில் மட்டுமே திரையை உணர்ந்து அதற்கேற்ற படத்தை அனுப்புவதால் இவ்வொழுங்கு பயனுள்ளது. அடுத்து, தொலைக்காட்சியின் தொலையியக்கியில் உரிய உள்ளீடு தெரிவு செய்யப்படுகிறது. எச்.டி.எம்.ஐ துளைகள் பல இருப்பின் வடம் செருகப்பட்ட துளையின் எண்ணையே தெரிவு செய்ய வேண்டும்.

பதிவி நிறுத்தப்பட்டு மீண்டும் இயங்கும் வரை எக்கேமராவும் பதிவாகாது. ஆகவே நெரிசல் மிகுந்த நேரத்தைத் தவிர்த்து இவ்வேலையைச் செய்வது வழக்கம். இறுதியில், நேரடிப் படத்தை மட்டும் பார்த்து நிறைவடையாமல், முந்தைய நாளின் பதிவு ஒன்றை இயக்கிப் பார்ப்பது பதிவு உண்மையில் நிகழ்கிறது என்பதை உறுதி செய்யும்.

பிரிதிறனும் கறுப்புத் திரையும்

வடம் சரியாக இருந்தும் திரை கறுப்பாக இருப்பதற்கோ, குறிகை இல்லை அல்லது எல்லைக்கு அப்பாற்பட்டது என்ற செய்தி தோன்றுவதற்கோ முதன்மைக் காரணங்களுள் ஒன்று பிரிதிறன் பொருந்தாமை ஆகும். பதிவி அனுப்பும் படத்தின் அளவு திரை ஏற்கும் அளவை மீறினால் படம் தோன்றாது. எடுத்துக்காட்டாக, 3840×2160 அளவில் அமைக்கப்பட்ட பதிவியை 1280×1024 அளவுள்ள பழைய கணினித் திரைக்கு மாற்றும்போது இது நிகழலாம்.

இதைத் தவிர்ப்பதற்காகவே திரைகள் தம் திறனைக் கூறும் சிறு தரவுத் தொகுதியைத் தம்முள் கொண்டுள்ளன. இ.டி.ஐ.டி எனப்படும் இத்தரவை வி.ஜி.ஏ, எச்.டி.எம்.ஐ ஆகிய இரு வடங்களின் வழியாகவும் பதிவியால் படிக்க இயலும். எனினும் பயனர் பிரிதிறனைக் கைமுறையாக அமைத்திருந்தாலோ, இடையில் உள்ள மாற்றி இத்தரவைக் கடத்தாவிட்டாலோ இவ்வேற்பாடு பயன்படுவதில்லை.

படம் வராத நிலையில் அமைப்பை மாற்றப் பட்டியலைக் காண முடியாது என்பதே இங்குள்ள இடர். இதற்கான வழிகள் வருமாறு:

- உயர் பிரிதிறனை ஏற்கும் வேறொரு தொலைக்காட்சியைத் தற்காலிகமாக இணைத்து, பதிவியின் வெளியீட்டை 1024×768 அல்லது 1280×720 போன்ற குறைந்த அளவுக்கு மாற்றிய பின் பழைய திரைக்குத் திரும்புதல்.
- பதிவியில் உள்ள மற்றொரு வெளியீட்டில் திரையை இணைத்துப் பார்த்தல்.
- வலையமைப்பு வழியாகக் கணினியிலிருந்து பதிவியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து மாற்றுதல்.
- சில வகைகளில், முன்புறப் பொத்தானையோ சுட்டியின் பொத்தானையோ சில நொடிகள் அழுத்திப் பிரிதிறனை மாற்றும் வசதி உண்டு. இது அவ்வகையின் கையேட்டில் குறிக்கப்பட்டிருக்கும்.

தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைப்பது இறுதி வழியாகவே கொள்ளப்படுகிறது. அதனால் பதிவு நேரம், வலையமைப்பு முதலிய அமைப்புகள் அழிந்துவிடும். ஒரு நிகழ்வின் பதிவு தேவைப்படும் நேரத்தில் அது அவசரமாகச் செய்யத்தக்கதன்று.

ஓரங்கள் மறைதல்

பல தொலைக்காட்சிகள் படத்தைச் சற்றுப் பெரிதாக்கி அதன் ஓரங்களைத் திரைக்கு வெளியே தள்ளுகின்றன. படக்குழாய்க் காலத்தில் ஓரக் குறைகளை மறைக்க ஏற்பட்ட இப்பழக்கம் தட்டைத் திரைகளிலும் தொடர்கிறது. திரைப்படம் பார்ப்போர் இதை உணர்வதில்லை. கண்காணிப்புப் படத்தில் தேதி, நேரம், கேமராவின் பெயர் ஆகியவை ஓரத்திலேயே எழுதப்படுவதால் அவை வெட்டுப்படக்கூடும். தொலைக்காட்சியின் பட அளவை முழுப் படத்தையும் காட்டும் நிலைக்கு மாற்றினால் இக்குறை நீங்கும். வெட்டுப்படுவது காட்சி மட்டுமே. வன்தட்டில் உள்ள பதிவு முழுமையாகவே இருக்கும். ஆயின் திரையை அலைபேசியால் படம் பிடித்து அதையே சான்றாக வைத்துக்கொள்வோர் நேரக்குறிப்பை இழக்க நேரிடும். பதிவியிலிருந்து மூலக் கோப்பை யு.எஸ்.பி நினைவகத்தில் படியெடுப்பதே தக்க முறையாகும்.

பல கட்டப் படம்

ஒரு திரையை 4, 9, 16 என்ற எண்ணிக்கையில் கட்டங்களாகப் பிரித்துப் பல கேமராக்களை ஒருங்கே காணலாம். கட்டங்கள் கூடும்போது ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் படப்புள்ளிகள் குறைகின்றன. 1920×1080 அளவுள்ள திரையில் 16 கட்டங்கள் இருந்தால் ஒவ்வொரு கேமராவுக்கும் 480×270 படப்புள்ளிகளே கிடைக்கும். கேமரா முழு 1920×1080 அளவில் பதிந்தாலும் திரையில் தெரிவது அதன் பதினாறில் ஒரு பங்கு மட்டுமே. ஆதலால் கட்டத்தில் முகம் தெளிவாகத் தெரியாததைக் கொண்டு பதிவும் தெளிவற்றது என முடிவு செய்வது பொருந்தாது. அக்கேமராவை முழுத்திரையில் இயக்கிப் பார்த்த பின்னரே அவ்வாறு கூற முடியும்.

தொலைவு

பதிவியைப் பூட்டிய அறையிலும் திரையைக் காவலர் அறையிலும் வைப்பது பாதுகாப்பானது. திருடப்படும்போது பதிவியும் சேர்ந்து எடுத்துச் செல்லப்பட்டால் பதிவுகள் எஞ்சா. ஆனால் இவ்வமைப்பில் வடத்தின் நீளம் கட்டுப்பாடாகிறது.

மின்சுற்று இல்லாத செப்பு எச்.டி.எம்.ஐ வடம் பொதுவாக 10 முதல் 15 மீட்டர் வரை நம்பகமாக இயங்கும். பிரிதிறன் மிகும்போது இது மேலும் குறையும். அதற்கப்பால் பிணைய வடத்தைப் பயன்படுத்தும் நீட்டிப்புக் கருவிகளோ ஒளியிழை வடங்களோ தேவை. எச்.டி.பேசு-டி எனும் முறை ஒரே பிணைய வடத்தில் 100 மீட்டர் வரை படத்தையும் ஒலியையும் அனுப்ப வல்லது. வி.ஜி.ஏ வடம் நீளும்போது படம் படிப்படியாக மங்கி, எழுத்துகளுக்கு நிழல் தோன்றும். கூட்டு நிகழ்படம் தரமான ஓரச்சு வடத்தில் 200 மீட்டருக்கு மேலும் செல்லும்.

சுட்டிக்கும் இதே கட்டுப்பாடு உண்டு. யு.எஸ்.பி 2.0 வடத்தின் வழக்கமான எல்லை 5 மீட்டர். திரையை மட்டும் தொலைவுக்குக் கொண்டுசென்றால் படம் தெரியும், பதிவியை இயக்க முடியாது. ஆகையால் யு.எஸ்.பி குறிகையையும் சேர்த்துக் கடத்தும் நீட்டிப்புக் கருவிகள் பயன்படுத்தப்படுகின்றன.

பல திரைகள்

பெரும்பாலான பதிவிகளில் எச்.டி.எம்.ஐ, வி.ஜி.ஏ ஆகிய இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே படத்தைத் தருகின்றன. உயர் வகைகளில் இரண்டும் தனித்தனியே இயங்கும். ஒரு வெளியீட்டைப் பல திரைகளுக்குப் பகிரப் பகிர்வி பயன்படுகிறது. பல வெளியீடுகளுள் ஒன்றைத் தெரிவு செய்யும் மாற்றுவிசை இதனின்று வேறானது. கடைகளில் இவ்விரண்டும் ஒரே தோற்றத்தில் கிடைப்பதால் மாற்றி வாங்கப்படுவதுண்டு. பகிர்வியில் வெவ்வேறு திறனுள்ள திரைகளை இணைக்கும்போது, அனைத்தும் ஏற்கும் குறைந்த பிரிதிறனில் பதிவியை அமைப்பது பாதுகாப்பானது.

மின் குறுக்கீடு

படத்தில் மேலும் கீழுமாக மெல்ல நகரும் கிடைப்பட்டைகள் பெரும்பாலும் புவியிணைப்புச் சுற்றால் தோன்றுபவை. கேமராவும் பதிவியும் திரையும் வெவ்வேறு இடங்களில் மின்சாரம் பெறும்போது, அவற்றின் புவி மின்னழுத்தங்களுக்கிடையே உள்ள வேறுபாடு வடத்தின் உறை வழியாக மின்னோட்டமாகப் பாய்கிறது. எல்லாக் கருவிகளையும் ஒரே புவியிணைப்பிலிருந்து இயக்குவதும், குறிகை வடத்தில் தனிமைப்படுத்தும் மின்மாற்றியைச் சேர்ப்பதும் இதற்குத் தீர்வுகளாகும். மின்செருகியின் புவி ஊசியை நீக்கிவிடுவது பட்டைகளை மறைக்கக்கூடும். ஆனால் அது உயிருக்கு ஆபத்தானது.

வலையமைப்பு வழியாகப் பார்த்தல்

வடமின்றி, உள்ளக வலையமைப்பு வழியாகவும் பதிவியின் படத்தைத் திரைக்குக் கொண்டுவரலாம். தொலைக்காட்சியில் இயங்கும் செயலியோ, அதனுடன் இணைந்த சிறு கணினியோ பதிவியிடமிருந்து நிகழ்பட ஓடையைப் பெற்றுக் காட்டுகிறது. இம்முறையில் படம் சிறிது தாமதித்தே தோன்றும். வாயிற்கதவைத் திறப்பது போன்ற உடனடிச் செயல்களுக்கு வட இணைப்பே ஏற்றது.

வெளியிலிருந்து பார்ப்பதற்காகப் பதிவியை இணையத்துக்கு நேரடியாகத் திறந்துவிடுவதும், ஆக்குநர் தந்த கடவுச்சொல்லை மாற்றாமல் விடுவதும் பெருந்தீங்கு விளைவிக்கும். 2016 இல் மிராய் எனும் தீநிரல், ஏறத்தாழ 60 இயல்பான பயனர்பெயர், கடவுச்சொல் இணைகளை மட்டுமே முயன்று, உலகெங்கும் பெருந்தொகையான கண்காணிப்புக் கேமராக்களையும் பதிவிகளையும் கைப்பற்றியது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அவற்றைக் கொண்டு டைன் நிறுவனத்தின் மீது நடத்தப்பட்ட தாக்குதலால் டுவிட்டர், நெட்பிளிக்சு உள்ளிட்ட தளங்கள் பலருக்குக் கிடைக்காமல் போயின.

திரையை வைக்கும் இடம்

சில கடைகளில் வாடிக்கையாளர் தம்மையே காணுமாறு வாயிலில் திரை வைக்கப்படுகிறது. கண்காணிப்பு நிகழ்வதை அறிவித்துத் திருட்டைத் தடுப்பது இதன் நோக்கம். இதற்குத் தனிக் கேமரா வெளியீடே ஏற்றது. எல்லாக் கேமராக்களையும் காட்டும் முதன்மைத் திரை பொதுமக்களின் பார்வையில் இருந்தால், எவ்விடத்தைக் கேமரா காணவில்லை என்பதைத் திருட வருபவரும் அறிந்துகொள்வார். பணப்பெட்டி, கடவுஎண் இடும் கருவி, பணியாளர் அறை ஆகியவற்றின் படங்கள் பிறர் கண்ணில் படுவதும் தனியுரிமைக்கு ஊறு விளைவிக்கும்.

ஒரே படம் நாள்முழுதும் அசையாமல் நிற்பதால், படக்குழாய்த் திரைகளிலும் ஓ.எல்.இ.டி திரைகளிலும் கட்டக் கோடுகள் நிலையான தழும்பாகப் பதியக்கூடும். தேவையற்ற நேரங்களில் திரையை அணைத்து வைப்பது இதைத் தவிர்க்கும். திரையை அணைப்பதால் பதிவு நிற்பதில்லை. எனினும் குறித்த கால இடைவெளியில் அதை இயக்கி, எல்லாக் கேமராக்களும் தெரிகின்றனவா, கடிகாரம் சரியாக உள்ளதா, பழைய பதிவு இயங்குகிறதா என்று பார்ப்பது கண்காணிப்பு அமைப்பின் பராமரிப்பில் இன்றியமையாத பகுதியாகும்.

இவற்றையும் பார்க்க

- மூடிய சுற்றுத் தொலைக்காட்சி
- ஓரச்சு வடம்
- பிரிதிறன்
- வன்தட்டு
- கணினித் திரை